நடக்கிற வாத்தியத்துக்கு நாற்காலியில் எழுதிய பட்டியல்

தேர்பவனி விழாக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

தேர்பவனியில் எங்கள் பேண்டு செட் வாசிக்க வேண்டிய பாடல்கள் என்று சென்ற வாரம் உங்கள் குழுவிலிருந்து என் கைபேசிக்கு ஒரு பட்டியல் வந்தது. பன்னிரண்டு பாடல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒலிப்பதிவு, கீழே மூன்று நிபந்தனைகள். இந்த வரிசையில்தான் வாசிக்க வேண்டும். ஒலிப்பதிவில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். நடுவில் "அந்தப் பழைய மார்ச்சுகள்", அதாவது நடைக்கென்றே எழுதிய மெட்டுகள், வரவே கூடாது. தேருக்குப் பின்னால் ஒலிபெருக்கி வண்டி ஒன்று வரும், அதிலும் இதே பாடல்கள் ஒலிக்கும் என்று கடைசியில் ஒரு வரி. சம்மதமில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அதற்கும் கீழே.

செயலாளரிடம் தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். "கூட்டத்தில் முடிவு செய்தாகிவிட்டது மாஸ்டர்" என்றார். அந்தக் கூட்டத்துக்கு வாத்தியம் வாசிக்கிற ஒருவரைக்கூட நீங்கள் அழைக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் ஆலயத்தின் பெயரை எழுதப்போவதில்லை. புதுச்சேரியிலும் கடலூரிலும் வேறு குழுக்களும் இதே மாதிரிப் பட்டியல்களை அனுப்பத் தொடங்கியிருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும்.

எங்கள் செட்டில் எட்டுப் பேர். இரண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், இரண்டு யூபோனியம், சைடு டிரம், பேஸ் டிரம், சிம்பல். ஊதுகிறவர்கள் ஐவர், அடிக்கிறவர்கள் மூவர். வயலின் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது, கீபோர்டு கிடையாது, பாடுகிறவரும் கிடையாது. இந்த எட்டுப் பேரும் வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவுகளில் நாற்பது பேர் வாசிக்கிறார்கள், ஒருவரும் நடக்கவில்லை.

முதலில் காலைப் பற்றிப் பேசுவோம். உங்கள் பன்னிரண்டில் ஐந்து பாடல்கள் மூன்றெண்ணிக்கையில் மெதுவாகப் போகிறவை. திருப்பலியில் அமர்ந்து கேட்கும்போது மிக அழகானவை; எனக்கும் பிடித்தவைதான். ஆனால் மனிதனுக்கு இரண்டு கால்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நடந்து பாருங்கள். முதல் சுற்றில் அழுத்தம் இடது காலில் விழும், அடுத்த சுற்றில் வலது காலில் விழும். பேஸ் டிரம்மின் பெரிய அடி இடது காலுக்கு உரியது என்பதுதான் பேண்டு வாத்தியத்தில் சொல்லித் தரும் முதல் பாடம். அந்த அடி கால் மாறி மாறி விழுந்தால் நடப்பவரின் உடம்பு ஆடத் தொடங்கும். தனியாக நடப்பவருக்கு இது வெறும் அசௌகரியம். தோளில் சப்பரம் சுமப்பவருக்கு ஆபத்து.

சென்ற ஆண்டு கடலூர்ப் பக்கத்தில் ஒரு திருவிழாவில் இதைக் கண்ணால் பார்த்தோம். அங்கேயும் இப்படி ஒரு பட்டியல். நாங்களும் சரி என்று ஒத்துக்கொண்டு போனோம். மூன்றெண்ணிக்கைப் பாட்டு தொடங்கிய சிறிது நேரத்தில் சப்பரத்தின் முன்தண்டைச் சுமந்தவர்கள் ஒரு காலிலும் பின்தண்டைச் சுமந்தவர்கள் வேறொரு காலிலும் நடந்துகொண்டிருந்தார்கள். சப்பரம் பக்கவாட்டில் அசைந்தது. மெழுகுவர்த்தித் தட்டு ஒன்று சரிந்து விழுந்தது. முன்னால் வந்த பெரியவர் ஒருவர் "வாத்தியத்தை நிறுத்துங்கள், வாத்தியத்தை நிறுத்துங்கள்" என்று கத்தினார். நாங்கள் ஊதுவதை நிறுத்தினோம், டிரம்மை நிறுத்தவில்லை. பேஸ் டிரம்மும் சைடு டிரம்மும் மட்டும் சீராக இரண்டெண்ணிக்கையில் போக, அந்தத் தெரு முடிவதற்குள் எல்லோருடைய காலும் ஒன்றாகிவிட்டது. அன்று இரவு யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் குழுவினர் எங்களைத்தான் கடிந்துகொண்டார்கள்: பட்டியலில் இருந்த பாட்டை ஏன் பாதியில் விட்டீர்கள் என்று.

மூன்று என்ற எண்ணே ஆகாது என்று நான் சொல்லவில்லை. திஸ்ர நடை வேறு விஷயம். அடி இரண்டுதான், ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று மூன்றாக ஓடும். நல்ல மார்ச்சுகள் பல அப்படி எழுதப்பட்டவை. நடப்பவருக்கு அது துள்ளல் தரும், சலிப்புத் தெரியாது. உங்கள் பட்டியலின் நான்காவது பாட்டும் ஒன்பதாவது பாட்டும் இந்த வகை. யார் தேர்ந்தெடுத்திருந்தாலும் அவருக்கு என் பாராட்டு. நான்காவதற்கு நேற்றிரவே இரண்டு டிரம்பெட்டுக்கும் பகுதி எழுதிவிட்டேன்.

வேகமும் ஒரு கணக்கு. ராணுவ அணிவகுப்பில் விரைநடை என்பது நிமிடத்துக்குச் சுமார் 120 காலடி. எனக்கு டிரம்பெட் சொல்லிக் கொடுத்தவர் பிரெஞ்சுப் படையில் வாத்தியம் வாசித்து ஓய்வு பெற்று இந்த ஊருக்குத் திரும்பியவர். வேகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் பிரெஞ்சு ராணுவத்தில் வெளிநாட்டவர் சேருகிற அந்நியர் படையைத்தான் உதாரணம் சொல்வார். பாரிஸில் ஜூலை 14 தேசிய நாள் அணிவகுப்பில் மற்றப் படைகள் எல்லாம் 120-இல் நடக்க, அந்நியர் படை மட்டும் 88-இல் நடக்கும். வேகம் சேராது என்பதால்தான் காலாட்படையில் அவர்கள் கடைசியாக வருகிறார்கள். அவர்களுடைய இசையும் அந்த 88-க்கென்றே அமைந்தது. நடையின் வேகத்தை முதலில் தெரிந்துகொள், பிறகு பாட்டை எடு என்பார் அவர். நம் பவனியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருகிற பாட்டிமாரும் கையில் மெழுகுவர்த்தியோடு குழந்தைகளும் நடக்கிறார்கள். அந்தக் கூட்டம் நிமிடத்துக்கு 60-க்கும் 80-க்கும் இடையில்தான் நகரும். 120-க்கு எழுதிய மார்ச்சை எழுபதுக்கு இழுத்தால் அது இழவு வீட்டு வாத்தியமாகிவிடும். அதனால் பாட்டின் இரண்டு அடிக்கு ஒரு காலடி வரும்படி அமைகிற மெட்டுகளாகப் பார்த்து எடுக்கிறோம். வாத்தியம் உயிரோடு இருக்கும், கூட்டம் மெதுவாகவே நடக்கும். "பழைய மார்ச்சு" என்று நீங்கள் ஒதுக்கியவை எல்லாம் இப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தவை.

அடுத்தது சுருதி. இதைக் குழுவில் யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள். அதில் தவறில்லை, யோசிக்க வேண்டியவன் நான். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். எங்கள் டிரம்பெட்டில் வால்வு எதையும் அழுத்தாமல் வருகிற ஸட்ஜம் ஆறரைக் கட்டை. யூபோனியமும் டிராம்போனும் அதே குடும்பம். ஆகவே ஆறரை, இரண்டரை, நான்கு ஆகிய கட்டைகளில் அமைந்த பாட்டு எங்கள் விரலுக்கு வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் பட்டியலில் மூன்று பாடல்கள் மூன்று கட்டையில் இருக்கின்றன. அதை "ஒலிப்பதிவில் இருப்பதுபோலவே" எடுத்தால் டிரம்பெட்காரர் ஏழு சுரங்களில் ஆறை ஷார்ப்பாக, அதாவது அரைச் சுரம் ஏற்றி, வாசிக்க வேண்டும். பகலில், நாற்காலியில், தாளைப் பார்த்து வாசிக்கலாம். இரவில் குழி விழுந்த தெருவில் நடந்துகொண்டே மனப்பாடமாக வாசிக்க முடியாது. அரைக் கட்டை இறக்கினால் இரண்டரைக்கு வந்துவிடும், கேட்பவர் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் உங்கள் நிபந்தனைப்படி அது மீறல்.

குழி என்றதும் உதடு நினைவுக்கு வருகிறது. நடக்கும்போது ஒவ்வொரு காலடிக்கும் வாத்தியத்தின் வாய்ப்பகுதி பல்லின் மேல் மெல்ல இடிக்கும். தோண்டி மூடிய தெருவில் மெல்ல இடிக்காது. மேல் ஸ்தாயியில் ஊத உதட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய உதட்டில் இடி விழுந்தால் கிழியும். எங்கள் இரண்டாம் டிரம்பெட்காரருக்கு வயது 19. கடலூர்ப் பக்கத்து அந்தத் திருவிழா முடிந்த இரவு கைக்குட்டையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார், பிறகு பல நாட்கள் வாத்தியத்தைத் தொடவில்லை. பாடகி ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மேல் ஸ்தாயியில் நீட்டிப் பிடிக்கிற சுரத்தை, மூன்று மணி நேரப் பவனியில் திரும்பத் திரும்ப அந்தப் பையன் பிடிக்க வேண்டும் என்று பட்டியல் எழுதியவர்கள் கேட்கிறார்கள். இப்படி ஒன்றைக் கேட்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

மார்ச்சு எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஒரு மார்ச்சைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பதினாறு பதினாறு ஆவர்த்தங்களாக, அதாவது தாளச் சுற்றுகளாக, இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும். நடுவில் டிரையோ என்று ஒரு பகுதி உண்டு. அதில் மத்தியமத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு மெட்டு மென்மையாகும். நம் பாடகர்கள் மத்தியம சுருதிக்கு மாறுவதைக் கேட்டவர்களுக்கு அந்தச் சுகம் புரியும். அந்த இடத்தில் யூபோனியம் கீழே பாட்டை எடுத்துக்கொள்ளும், டிரம்பெட்காரர்களுக்கு உதடு ஓயும். ஒரு மார்ச்சு முடிந்ததும் டிரம் மட்டும் போகும், ஊதுகிறவர்கள் எல்லோரும் மூச்சு வாங்குவார்கள். உங்கள் பாடல்களில் இடையிசை வரும் இடத்தில்தான் நாங்கள் ஓய முடியும். ஆனால் இடையிசையையும் நாங்களே வாசிக்க வேண்டும் என்கிறீர்கள், அதிலும் வயலின் கூட்டம் பறக்கிற பறப்பை டிராம்போனில்!

இன்னொன்று செயலாளர் சொன்னது. "மார்ச்சில் வார்த்தை இல்லை, வார்த்தை இல்லாத இசையில் பக்தி எங்கே இருக்கிறது?" இந்தக் கேள்வியைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. இங்கிருந்து சிதம்பரம் வெகு தூரமில்லை. ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ தேர் வீதியில் போய் நின்று பாருங்கள். சுவாமி புறப்படும்போது நாகசுரத்தில் வாசிக்கிற மல்லாரிக்குச் சாகித்தியமே கிடையாது. கம்பீர நாட்டை ராகத்தில் வெறும் சுரமும் லயமும், தவிலோடு சேர்ந்து. அதைக் கேட்டுக் கைகூப்புகிறவர்களிடம் போய், இதில் வார்த்தை இல்லையே, பக்தி எங்கே என்று கேட்க உங்களுக்கு மனம் வருமா? தேருக்கென்று ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கென்று ஒரு மல்லாரி, சுவாமிக்குப் படைக்கிற தளிகைக்கென்று ஒரு மல்லாரி என்று இடத்துக்கும் செயலுக்கும் ஏற்ப வைத்திருக்கிறார்கள். அந்த வித்வான்களுக்கு யாரும் கைபேசியில் பட்டியல் அனுப்புவதில்லை.

மேல்நாட்டு மெட்டு நமக்கு அந்நியம் என்றும் ஒருவர் சொன்னாராம். முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளை எடுத்துச் சங்கராபரணத்தின் சுரங்களில் வைத்து வடமொழியில் சாகித்தியம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர் 1835-இல் மறைந்தவர். அந்நியம் என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் செட்டிலும் இரண்டு நோட்டுஸ்வரங்கள் கைவசம் உண்டு. கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, அதிகம் தேவைப்படாத நேரான சுரங்கள் என்பதால் வால்வு வாத்தியத்தில் நன்றாக உட்காருகின்றன. தோடி ராகத்தில் அமைந்த உங்கள் ஏழாவது பாட்டு உட்காராது. நாகசுரத்தில் அது தேன். டிரம்பெட்டில் அதன் காந்தாரத்தை அசைக்கப் போனால் நீங்களே காதைப் பொத்திக்கொள்வீர்கள். மோகனத்தில் ஒன்று கேளுங்கள், தெருவே திரும்பிப் பார்க்கும்படி வாசிக்கிறோம்.

ஒலிபெருக்கி வண்டிக்கு வருகிறேன். தேருக்கு முன்னால் நாங்கள், பின்னால் வண்டி, இரண்டிலும் ஒரே பாட்டு, கேட்க நிறைவாக இருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். வண்டி எங்களுக்கு 100 மீட்டர் பின்னால் வந்தால் அதன் அடி எங்கள் காதுக்கு 0.3 நொடி பிந்தி வரும், எங்கள் அடியும் அவர்களுக்கு அதே அளவு பிந்தும். விரைநடையில் ஒரு காலடிக்கே அரை நொடிதான். நடுவில் நிற்கிற தேர் இழுப்பவர்களுக்கு இரண்டு பேஸ் டிரம் கேட்கும், எது சரி என்று தெரியாது. அது போக, ஒலிப்பதிவு யாருக்காகவும் நிற்காது. நாங்கள் நிற்போம்.

நிற்பதுதான் எங்கள் வேலையில் பாதி. பவனி என்பது நேர்க்கோடாக நகர்கிற விஷயமல்ல. மின்கம்பி தாழ்ந்திருக்கிற இடத்தில் தேர் நிற்கும், மின்துறை ஊழியர் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் வரை நின்ற இடத்தில் வாசிக்க ஒரு மெட்டு வேண்டும். முனையில் தேர் திரும்பும்போது வடம் பிடிப்பவர்களுக்கு வார்த்தையைவிட டிரம் அடிதான் கட்டளை. மருத்துவமனை வாசலில் நிறுத்திவிடுவோம். பள்ளிவாசலில் தொழுகை நேரமென்றால் டிரம்கூட இருக்காது, காலடி மட்டும்தான். அன்று காலையில் துக்கம் நடந்த வீட்டைக் கடக்கும்போது துள்ளல் மெட்டை வாசிக்க முடியுமா? உங்கள் வரிசைப்படி அந்த வீட்டின் முன்னால் எட்டாவது பாட்டு வரும் என்றால் நான் என்ன செய்வது? படுக்கையோடு இருக்கிற ஒரு அம்மாவை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். அவர் கையசைத்து ஒரு பழைய மாதா பாட்டைக் கேட்பார். அது உங்கள் பட்டியலில் இல்லை. போன ஆண்டு வாசித்தோம், இந்த ஆண்டும் வாசிப்போம், நிபந்தனை எதுவாக இருந்தாலும்.

நீங்கள் ஏன் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இளைஞர்களுக்குத் தெரிந்த பாட்டு வேண்டும், கூட்டம் சேர்ந்து பாட வேண்டும் என்கிறீர்கள். நியாயமான ஆசை. சில செட்டுகள் ஒரே மூன்று மெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்து ஊரைச் சலிக்கவைத்ததும் உண்மை. அதற்கு வழி, வாசிப்பவரோடு உட்கார்ந்து பேசுவது. கூட்டம் பாட வேண்டும் என்றால் பாட்டு மக்களின் குரலுக்கு எட்டும் சுருதியில் இருக்க வேண்டும், பல்லவி சுருக்கமாக இருக்க வேண்டும், ஒரு சரணம் முடிந்ததும் நாங்கள் ஊதுவதை நிறுத்தி டிரம்மை மட்டும் விட்டு மக்களைப் பாட விட வேண்டும். இதையெல்லாம் சேர்ந்து அமைத்துத் தர எனக்கு ஆசைதான். இதுவரை யாரும் கேட்டதில்லை.

இனி என் கோரிக்கைகள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு வாசிப்பவர் ஒருவரையும் தேர் சுமப்பவர்கள் அல்லது இழுப்பவர்கள் சார்பில் ஒருவரையும் அழையுங்கள். ஆறு பாடல்களை நீங்கள் சொல்லுங்கள், மீதியை எங்களிடம் விடுங்கள். அந்த ஆறையும் எந்தச் சுருதியில், எந்த வேகத்தில், எத்தனை சரணம் வாசிப்பது என்பது எங்கள் முடிவாக இருக்கட்டும். எந்த இடத்தில் எதை வாசிப்பது, எங்கே நிறுத்துவது என்பதைப் பவனி நாளன்று பேண்டு மாஸ்டர் தீர்மானிக்கட்டும். அவரிடம் பேசக் குழுவில் ஒரே ஒருவரை நியமியுங்கள். ஐந்து பேர் ஐந்து பக்கமிருந்து தோளைத் தட்டினால் ஊத முடியாது.

புதிய பாட்டுகளைப் பவனிக்கு ஒரு மாதம் முன்னதாகவே தாருங்கள். ஒலிப்பதிவைக் கேட்டு ஐந்து ஊது வாத்தியங்களுக்கும் பகுதி எழுத ஒரு பாட்டுக்கு ஓர் இரவு போகிறது, பிறகு எட்டுப் பேரும் மனப்பாடம் செய்ய வேண்டும். அந்த எழுத்து வேலைக்குத் தனியாக ஒரு தொகை பேசுங்கள். இதுவரை யாரும் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். ஒலிபெருக்கி வண்டி கட்டாயம் வேண்டுமென்றால் ஜெபமாலைக்கும் அறிவிப்புக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். நாங்கள் வாசிக்கும்போது அது மௌனமாக இருக்க வேண்டும். எங்களைத் தேருக்கு மிக அருகில், இருபது முப்பது மீட்டருக்குள் நிறுத்துங்கள். வழியில் இரண்டு இடத்தில் பத்து நிமிட ஓய்வும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும்.

நான்காவது பாட்டும் ஒன்பதாவது பாட்டும் தயாராகிவிடும். மூன்று கட்டைப் பாடல்கள் மூன்றையும் அரைக் கட்டை இறக்க அனுமதி தந்தால் அவற்றையும் எழுதத் தொடங்குகிறேன். ஐந்து மூன்றெண்ணிக்கைப் பாடல்களைத் தேர் நிலைக்கு வந்தபின் ஆலய வளாகத்தில் நின்று வாசிக்கிறோம்; அங்கே அவை அழகாக இருக்கும். தோடிப் பாட்டை விட்டுவிடுங்கள். மீதி ஒன்றைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு என் டிரம்பெட்டோடு வருகிறேன், சைடு டிரம்காரரும் வருவார். சப்பரத் தண்டை மட்டும் தோளில் வைத்து ஆலயத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்ப்போம், உங்கள் பாட்டுக்கு ஒரு சுற்று, எங்கள் மார்ச்சுக்கு ஒரு சுற்று. அது முடிந்த அன்றே உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள். முன்பணத்தை உறையில் போட்டுக் கையோடு எடுத்து வருகிறேன், திருப்பித் தர வேண்டுமென்றால் அங்கேயே தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தேருக்கு முன்னால் நடக்கும் பேண்டு செட்டின் மாஸ்டர்,
புதுச்சேரி